கேளுங்கள் ரீச்சரிடம்: பழைய ஈமக்காடுகளும் எலும்புகளும்

"ரீச்சர், எங்கட காணியில கிணத்துக்குப் பெக்கோ பிடிச்சு வெட்டினம். பெரிய சாடி ஒண்டு உடைஞ்சுது. உள்ளுக்கு எலும்புத் துண்டும் சிவப்புப் பாசிமணியும். தம்பிமார் மணியை வீட்ட வச்சிருக்கிறாங்க. அறிவிச்சா காணி போயிரும் எண்டு அப்பா பயப்படுறார்."
– வாசகர், வாகரை

முதலில் பெக்கோவைத் திருப்பி அனுப்புங்கள் தம்பி. குழியை மூட வேண்டாம், தகரமோ தறப்பாளோ போட்டு மழைத் தண்ணீர் விழாமல் மறையுங்கள். சாடிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். மணிகளைக் கழுவாமல் ஒரு பையில் போட்டு, குழியின் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி உள்ளே வையுங்கள்.

உங்களுக்கு வடக்கே கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது பெரிய கற்களால் அமைத்த பழைய புதைகுழிகள், இருப்பது நெடுநாளாய்த் தெரிந்த விடயம். ஆகவே நீங்கள் சொல்வது எனக்கு வியப்பாயில்லை. புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் இதே மாதிரித் தாழிகள், அதாவது இறந்தவரின் எலும்பு வைத்த பெரிய மண்சாடிகள், வெளிவந்தன. ஒரே தாழிக்குள் பலருடைய எலும்புகளும் கறுப்பு–சிவப்பு மட்பாண்டங்களும் இருந்தன. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அறிஞர்கள் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவில் தாழிகளைக் கற்பலகைகளால் அடைத்த பதுக்கைக்குள் வைத்திருந்தார்கள். அங்கே கிடைத்த சூதுபவள (சிவப்புக் கல்) மணிகளுக்கான கல் கடல் கடந்து வந்தது. உங்கள் தம்பிமார் எடுத்ததும் சூதுபவளமாக இருக்கலாம். அந்த மணி தாழிக்குள் கிடந்ததா, வெளியே கிடந்ததா, எலும்போடு கிடந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம். அது தெரிந்தால் ஒரு சமூகம் யாரோடு கொடுக்கல் வாங்கல் செய்தது, இறந்தவருக்கு என்ன கொடுத்தனுப்பியது என்று பேச முடியும். தெரியாவிட்டால் அது அலுமாரியில் கிடக்கும் ஓர் அழகான கல், அவ்வளவுதான்.

இனி அப்பாவின் பயம். அது காரணமில்லாத பயமல்ல. 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதிச் செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அதை மறந்துவிட்டு "துணிந்து போங்கள்" என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போகலாம். 1940 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2 க்கு முந்திய பொருள்கள் தொல்பொருள்கள். மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. சொந்தக் காணியானாலும் அனுமதிப்பத்திரமின்றி அதைத் தேடி அகழ முடியாது. 1998 திருத்தத்தோடு தண்டனைகள் கடுமையாகின. அதனால் மணியை ஒளித்து வைப்பதுதான் உங்களுக்கு ஆபத்து. ஆனால் பொருள் அரசுக்குரியது என்பதால் மட்டும் காணி அரசுக்குப் போய்விடாது. இடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தால் அங்கே கட்டடம் கட்டத் தடை வரும், உண்மைதான். காணியையே எடுப்பதானால் அதற்கு வேறு சட்டமும் வேறு நடைமுறையும் இருக்கின்றன.

உறுதியையோ பெர்மிற்றையோ பிரதி எடுத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். எழுத்தில் அறிவியுங்கள், பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்குங்கள். எலும்பு இருப்பதால் பொலிஸுக்கும் சொல்ல வேண்டும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளும் அந்தக் குழியைப் பார்க்க வேண்டும்.

"செத்தவர்களைத் தோண்டி எடுப்பது பாவமில்லையா?"
– வாசகி, களுவாஞ்சிக்குடி

நம் வீடுகளில் காடாத்தும்போது எலும்பு பொறுக்குகிறோம் அல்லவா? அன்றும் பல இடங்களில் உடலை முதலில் வேறோர் இடத்தில் விட்டு, பிறகு எலும்புகளைத் தெரிந்தெடுத்துத் தாழிக்குள் வைத்தார்கள். மாணவியாக ஓர் அகழ்வில் நின்றபோது எனக்குக் கிடைத்த வேலை, தாழி மண்ணை நுண்சல்லடையில் சலிப்பது. எலும்புக்குப் பக்கத்தில் இரும்புக் கரண்டி படக் கூடாது, கீறிவிடும். சீவிய மூங்கில் குச்சியும் தூரிகையும்தான். ஒரு தாழியில் பால் பற்கள் அகப்பட்டன. எங்கள் கூட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் சத்தமாகப் பேசவில்லை. அப்படி எடுப்பதைப் பாவமென்று நான் நினைக்கவில்லை. ஆய்வு முடிந்ததும் அந்த எலும்புகளைப் பெயர்த்துண்டில்லாத பெட்டிகளில் போட்டு மறந்துவிடுகிறார்களே, அதைத்தான் பாவமென்பேன்.

"இந்த எலும்பெல்லாம் தமிழர்ட மூதாதையரா, சிங்களவர்டயா? பரிசோதிச்சுச் சொல்ல ஏலாதா?"
– வாசகர், அக்கரைப்பற்று

ஏலாது. இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று சொல்லும். பல் வயதைச் சொல்லும், குழந்தையானால் மிகத் துல்லியமாகவே. பல்லின் மிளிரியிலுள்ள (வெளிப்பூச்சிலுள்ள) ஸ்ட்ரோன்சியம் என்ற மூலகம், அவர் எந்த மண்ணின் உணவை உண்டு வளர்ந்தார் என்று காட்டும். என்ன மொழி பேசினார் என்பதை எந்த எலும்பும் சொல்லாது. பொம்பரிப்பு, இப்பன்கட்டுவ, கதிரவெளி, யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டை, அக்கரையில் தென்னிந்தியா எங்கும் இந்த ஈமப் பண்பாடு பரந்திருந்தது. 1980 இல் ஆனைக்கோட்டை ஈமக்குழியில் பிராமி என்ற பழைய எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. எழுத்து கிடைக்கும் இடத்தில் மொழியைப் பேசலாம். மற்ற இடங்களில் வேண்டாம்.

"தொண்ணூறாம் ஆண்டு கூட்டிக்கொண்டு போன என்ர மகன் இன்னும் வரேல்ல. எங்கையாவது எலும்பு வந்தது எண்டு கேள்விப்பட்டா நெஞ்சு பதறுது. அது பழைய காலத்ததா, எங்கட பிள்ளையளுடையதா எண்டு எப்படிக் கண்டுபிடிப்பினம்?"
– ஒரு தாய், தம்பிலுவில்

அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். தெரிந்ததைத் தெரிந்தபடியே சொல்கிறேன்.

முதலில் பார்ப்பது கூட வந்த பொருள்களை. உடுப்புத் துணி, பொத்தான், பிளாஸ்ரிக், சன்னம், பல்லில் அடைத்த சீமெந்து இருந்தால் அது நம் காலம். தாழியும் கறுப்பு–சிவப்புச் சட்டியும் இருந்தால் அது வேறு காலம். குழியின் விளிம்பும் பேசும்: எந்த மண்படையிலிருந்து வெட்டி இறக்கினார்கள் என்பது நிறத்தில் தெரியும். தோண்டும்போது அந்த விளிம்பை அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

அடுத்தது காபன் 14, உடம்பிலுள்ள கதிரியக்கக் காபன். உயிர் போன நாளிலிருந்து அது குறைந்துகொண்டே வரும், 5730 ஆண்டில் பாதியாகும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் எலும்பின் கொலாஜன் என்ற புரதம் கரைந்துவிடுவதால் மிகப் பழைய எலும்பில் இது பலமுறை தோற்கும். ஆனால் உங்கள் கேள்விக்கு உதவும் செய்தி ஒன்றுண்டு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகளால் வளிமண்டலத்தில் காபன் 14 ஏறக்குறைய இரட்டிப்பாகி, பின்பு மெல்லக் குறைந்தது. அக்காலத்திலோ அதற்குப் பின்னோ பல் உருவாகி வளர்ந்த ஒவ்வொருவரின் பல்லிலும் அந்த அடையாளம் உண்டு. தாழிக்குள் இருப்பவருக்கு அது இருக்காது. உங்கள் மகனின் வயதொத்தவருக்கு நிச்சயம் இருக்கும். பிறந்த காலத்தைக்கூட அண்ணளவாகச் சொல்லலாம்.

மன்னாரில் 2018 இல் கட்டடமொன்றுக்கு நிலம் வெட்டியபோது முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்டவை என்று 2019 இல் விடை வந்தது. அங்கே காத்திருந்த தாய்மார் அந்த விடையோடு திருப்திப்படவில்லை. அவர்கள் கேட்டதில் நியாயமிருந்தது: முந்நூறில் ஆறு போதுமா? எந்தக் கூட்டிலிருந்து, எந்தப் படையிலிருந்து எடுத்தீர்கள்? நீங்களும் இதையே கேட்க வேண்டும்.

ஆகவே எங்காவது எலும்பு வந்தால் யாரும் கைவைக்க வேண்டாம். பொலிஸார் நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். நீதவானின் கட்டளையோடு சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் சேர்ந்துதான் தோண்ட வேண்டும். குடும்பங்களின் சட்டத்தரணி அங்கே நிற்கக் கேட்கலாம். மகனின் பல் வைத்தியம், எலும்பு முறிவு, கடைசியாக உடுத்திருந்த உடுப்பு, எல்லாவற்றையும் இப்போதே எழுதி வையுங்கள். உங்களுக்கு எழுதக் கஷ்டமென்றால் பேரப்பிள்ளை ஒருவரைக்கொண்டு எழுதுவியுங்கள். சொல்லச் சொல்ல வேறும் ஞாபகம் வரும்.

"மகள் தொல்லியல் படிக்க ஆசைப்படுறா. பொம்பிளப் பிள்ளைக்குச் சரிவருமா?"
– வாசகி, கல்லடி

1970 இல் பொம்பரிப்பு அகழ்வை நடத்தியவர்களில் முதன்மையானவர் விமலா பெக்லி, ஒரு பெண். மகளைத் தடுக்காதீர்கள் தங்கச்சி. உயர்தரத்தில் வரலாறு எடுக்கட்டும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியலைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாம். சிங்களம் வாசிக்க இப்போதே பழகட்டும், தொல்லியல் திணைக்கள அறிக்கைகளில் பல அந்த மொழியில் இருக்கின்றன. வீட்டிலுள்ள பானை சட்டிகளை அளவெடுத்து, குறுக்குவெட்டுமுகம் தெரியப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். நான் முதலில் கற்றதும் அதுதான்.