திரையில் கட்டில் நுழைகிறது, வீட்டில் நுழையவில்லை

கேள்வி: மதுரைப் பக்கம் 30-க்கு 50 அடி மனையில் வீடு கட்டப்போகிறோம். என்ஜினியர் கொடுத்த பிளானை வைத்து ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச சாஃப்ட்வேரில் நானே வரைந்து பார்க்கிறேன். கட்டடம் 24-க்கு 38, மொத்தம் 912 சதுர அடி என்கிறார் என்ஜினியர். நான் வரைந்ததில் அறைகளைக் கூட்டினால் 881தான் வருகிறது. பெட்ரூமில் கட்டிலும் வார்ட்ரோபும் போட்டு தாராளமாக இடம் இருக்கிறது என்றால், “அவ்வளவு வராதும்மா” என்கிறார். கிச்சனுக்குத் தரை போட்டால் ஹாலும் சேர்ந்து நிறைகிறது. மாடியை மட்டும் பிளானை செல்போனில் படம் எடுத்து அதன்மேல் வரைந்தேன். அது கீழ்த்தளத்தைவிட ஒரு அடி நீண்டுகொண்டு நிற்கிறது. இரவு வெளிச்சத்தில் ஹாலைப் படம் எடுத்தால் ஒரே இருட்டு. பூஜை அறைக் கதவைச் சேர்த்ததிலிருந்து கம்ப்யூட்டர் திணறுகிறது. சாஃப்ட்வேரை மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எதுவும் சாஃப்ட்வேர் கோளாறே இல்லை. காசு கொடுத்து வேறு ஒன்று வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும்.

முதலில் அந்த 881. உங்கள் என்ஜினியரும் சரி, சாஃப்ட்வேரும் சரி, தப்பாகக் கணக்குப் போடவில்லை. சுவரின் கனம்தான் வில்லன். புதிதாக ஒரு சுவர் வரைந்தால் இந்த சாஃப்ட்வேர் தானாக 7.5 சென்டிமீட்டர் கனம், 250 சென்டிமீட்டர் உயரம் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது மூன்று அங்குலச் சுவர், எட்டே கால் அடிக்கும் குறைவான உயரம். நம் ஊரில் வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்தடுப்பு நாலரை அங்குலம், உயரம் பத்தடி. நீங்கள் அதை மாற்றாமலே வரைந்திருக்கிறீர்கள்.

அடுத்தது, நீங்கள் இழுக்கும் கோடு சுவரின் நடுக்கோடு. 24-க்கு 38 என்று இழுத்தால் அது சுவரின் வெளிவிளிம்பு அல்ல. மூன்று அங்குலச் சுவரில் உள்ளளவு 23 அடி 9 அங்குலத்துக்கு 37 அடி 9 அங்குலம். அதிலிருந்து ஏறக்குறைய 60 அடி நீள உள்தடுப்பு எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் உங்கள் 881 வந்துவிடுகிறது. நிஜத்தில் வெளியளவு 24-க்கு 38 என்றால், ஒன்பது அங்குலச் சுவரின் நடுக்கோடு 23 அடி 3 அங்குலத்துக்கு 37 அடி 3 அங்குலம் இருக்கவேண்டும். உள்ளே மிஞ்சுவது 22 அடி 6 அங்குலத்துக்கு 36 அடி 6 அங்குலம், 821 சதுர அடி. உள்தடுப்பு நாலரை அங்குலம் என்று வைத்தால் இன்னும் இருபத்திரண்டரை போகும். கால் வைத்து நடக்க உங்களுக்கு மிஞ்சுவது 799 சதுர அடிதான். 912 என்பது சுவரையும் சேர்த்த பிளின்த் ஏரியா, 799 என்பது எல்லாச் சுவரையும் கழித்து மிஞ்சும் தரைப் பரப்பு. 881 எதுவும் இல்லை. திரையில் மட்டும் இருக்கிற 82 சதுர அடி அது. ஒன்பதுக்கு ஒன்பது அறை ஒன்றையே கண்ணால் கட்டிவிட்டீர்கள்.

பெட்ரூமுக்கு வருவோம். நடுக்கோட்டுக்கு நடுக்கோடு பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திரையில் உள்ளளவு 9 அடி 9 அங்குலம். ஒரு பக்கம் ஒன்பது அங்குல வெளிச்சுவர், மறுபக்கம் நாலரை அங்குலத் தடுப்பு என்றால் 9 அடி 5¼ அங்குலம். இரண்டு பக்கமும் அரை அங்குலம் சிமென்ட் பூச்சு ஏறினால் 9 அடி 4¼. ஐந்தடி அகலக் கட்டிலும் இரண்டடி ஆழ வார்ட்ரோபும் போட்டபின் திரையில் 33 அங்குல வழி இருந்தது, வீட்டில் 28. வார்ட்ரோபின் கதவு ஒன்று இரண்டடி அகலம் என்றால், அதைத் திறந்துவிட்டு நீங்கள் எங்கே நிற்பது? உங்கள் என்ஜினியர் “வராதும்மா” என்றது இதைத்தான்.

சரி செய்வது எளிது. பிரிஃபரன்சஸில் கனத்தையும் உயரத்தையும் மாற்றுங்கள். ஆனால் அது இனிமேல் வரையும் சுவருக்குத்தான் செல்லும், ஏற்கெனவே வரைந்தவை அசையாது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: அமைப்பை மாற்றிவிட்டோம், எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். பழைய சுவர்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து மாடிஃபை வால்ஸில் கனத்தைத் தனியாகக் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தால் சுவர் இருபுறமும் சமமாகப் பருக்கும், வெளியளவு 24 அடி 9 அங்குலமாகிவிடும். ஆகவே உங்கள் விஷயத்தில் புதிதாக வரைவதே மேல். 23 அடி 3 அங்குலம் என்று சுவரை இழுக்கும்போதே என்டர் தட்டினால் நீளத்தை எண்ணால் கொடுக்க இடம் வரும். சுட்டியை இழுத்துக் கண்ணால் அளக்காதீர்கள்.

எண் கொடுக்கும்போது ஒரு கண்ணி. நம் கொத்தனார் 10.6 என்று சுவரில் கரியால் எழுதினால் பத்தடி ஆறு அங்குலம். கம்ப்யூட்டருக்கு 10.6 அடி என்றால் பத்தடி ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். 10.10 இன்னும் மோசம்: கொத்தனாருக்குப் பத்தடி பத்து அங்குலம், கம்ப்யூட்டருக்குப் பத்தடி ஒரு அங்குலம். ஒரே எண்ணில் ஒன்பது அங்குலம், ஒரு சுவர் அகலமே போய்விடும். அளவை அடி அங்குலத்துக்கு மாற்றி, அடிக்குறி அங்குலக்குறி போட்டே தட்டுங்கள்.

மாடி ஒரு அடி நீண்டது ஏன் என்று கேட்டீர்களே, எந்த அளவை வைத்து ஸ்கேல் கொடுத்தீர்கள்? வாசல்கதவின் மூன்றடி என்று நினைக்கிறேன். படத்தைப் பின்னணியாக வைக்கும்போது, தெரிந்த நீளம் ஒன்றின் மேல் ஒரு கோட்டை வைத்து “இது இத்தனை” என்று சொல்லச் சொல்லும். மூன்றடிக் கதவில் ஒரு அங்குலம் பிசகினாலும் 36-இல் ஒரு பங்கு பிழை. அதே பிழை 38 அடிக்குப் பன்னிரண்டரை அங்குலத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் ஒரு அடி இதுதான். பிளானிலேயே நீளமான அளவை, 38 அடியையே எடுத்துக் கோடு போடுங்கள்; அங்கே ஒரு அங்குலம் பிசகினால் மொத்தத்தில் ஒரு அங்குலம்தான். இன்னொன்று, செல்போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில் தாளின் ஒரு முனை குறுகியிருக்கும். நீளவாட்டில் சரியாக நிற்கும், குறுக்குவாட்டில் பொருந்தாது. என்ஜினியர் பிளான் வரையும் ஆட்டோகேட் சாஃப்ட்வேரின் கோப்பை வாங்கிப் பயனில்லை, இந்த சாஃப்ட்வேர் அதை நேராகத் திறக்காது. பிடிஎஃப் கேளுங்கள், அதைப் படமாக மாற்றிப் பின்னணியில் வையுங்கள். தாளைத் தவிர வேறு வழி இல்லையென்றால் ஸ்கேனர் உள்ள ஜெராக்ஸ் கடைக்கு நடந்துவிடுங்கள்.

கிச்சனும் ஹாலும் சேர்ந்து நிறைவதற்கு இப்படி யோசியுங்கள்: கிச்சனில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் எங்கே ஓடும்? சுற்றிலும் சுவர் மூடியிருந்தால் அங்கேயே நிற்கும். எங்கோ ஒரு சந்து இருந்தால் ஹாலுக்கு ஓடிவிடும். அறைக் கருவியை வைத்து இருமுறை சொடுக்கும்போது சாஃப்ட்வேர் செய்வதும் அதுதான். சந்து எங்கே என்று பார்க்க, தடுப்புச்சுவர் வெளிச்சுவரைத் தொடுகிற இடத்தில் நன்றாகப் பெரிதாக்குங்கள். பெரும்பாலும் அங்கே முடி அளவு இடைவெளி தெரியும். தடுப்பின் நுனியைப் பிடித்து இழுத்து வெளிச்சுவருக்குள் சற்றே நுழைய விட்டால் போதும்.

ஒருவேளை வாசலுக்கு மூன்றடி இடம் விட்டுச் சுவரை வரைந்தீர்களா? அப்படியென்றால் சந்தே அதுதான். கொத்தனார் நிலைக்கு இடம் விட்டுக் கட்டுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இப்படித்தான் தோன்றும். இங்கே சுவரை முழுக்க வரைந்துவிட்டு அதன்மேல் கதவைக் கொண்டுபோய் வைக்கவேண்டும். திறப்பை அதுவே வெட்டிக்கொள்ளும். வெட்டாமல் கதவு சுவருக்குள் புதைந்து நின்றால், வெளியிலிருந்து இறக்குமதி செய்தபோது இது கதவு அல்லது ஜன்னல் என்ற குறியைப் போட மறந்திருப்பீர்கள். சாஃப்ட்வேருக்கு அது நாற்காலி மாதிரி ஒரு சாமான், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், மாடி இருக்கிறதே. படிக்கட்டைத் திரையில் பார்த்து நம்பிவிடாதீர்கள். பட்டியலில் உள்ள படிக்கட்டு ஒரு சாமான்தான். உயரத்தைக் கூட்டினால் படிகளின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு படியும் உயர்ந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஏறினால் முட்டி கழன்றுவிடும். பத்தடி உயரம், மேலே ஐந்து அங்குலத் தளம், ஆக 125 அங்குலம் ஏறவேண்டும். 18 ஏற்றம் என்றால் ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே நேராக ஏறினால் பத்து அங்குல அகலத்தில் 17 மிதி, 14 அடி 2 அங்குலம் நீளம். உங்கள் மனையில் அது சுலபமாக அமையாது, நடுவில் திரும்பும் படிதான் வரும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவிட்டு, அந்த நீள அகலத்தைப் படிக்கட்டுச் சாமானுக்குக் கொடுங்கள்.

இருட்டு ஹாலுக்குக் காரணம் தரம். போட்டோ எடுக்கும் சாளரத்தில் நான்கு நிலைத் தரம் இருக்கிறது. மேல் இரண்டு நிலைகளில்தான் நீங்கள் மாட்டிய விளக்குகள் எரியும். கீழ் இரண்டில் விளக்கு வெறும் அலங்காரம். சோதித்துப் பார்க்கும்போது படத்தின் அளவைச் சிறிதாக்கி மேல் தரத்தில் எடுங்கள். பெரிய படத்தை மேல் தரத்தில் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

பகல் படத்துக்கு, திரையில் பிளானோடு தெரியும் திசைமானியைப் பாருங்கள். சாஃப்ட்வேர் ஊரை ஊகித்துக்கொள்வது கம்ப்யூட்டரின் நேர அமைப்பை வைத்து, இந்தியா முழுமைக்கும் அதன் பெயர் கொல்கத்தா. மதுரைக்கு அட்சரேகை 9.9, தீர்க்கரேகை 78.1 என்று மாற்றி, வடக்கையும் உங்கள் மனைக்குத் தக்கபடி திருப்புங்கள். இது வெறும் நுணுக்கம் பேசுவதல்ல. ஜூன் மாத உச்சிவெயில் கொல்கத்தாவில் கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே. மதுரையில் அது பதின்மூன்று டிகிரிக்கு மேல் வடக்கே சாய்ந்து நிற்கும். “வடக்கு ஜன்னலில் வெயிலே வராது” என்று சொல்பவர்களுக்கு, ஜூன் 21 மதியத்துக்கு நேரத்தை வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் எத்தனை அங்குலம் நீட்டுவது என்பதையும் அதிலேயே முடிவு செய்யலாம்.

இப்போது பூஜை அறைக் கதவு. சாஃப்ட்வேரைக் குறை சொல்ல நியாயம் இருப்பது இங்கேதான், அதுவும் பாதி. இணையத்தில் கிடைக்கும் மரவேலைக் கதவுகளில் மணியும் இலையும் யாளியும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கும். ஒரே கதவில் லட்சக்கணக்கான சின்ன முக்கோணங்கள். வீட்டின் சுவர்கள் அத்தனையும் சேர்ந்தாலும் அந்தக் கதவின் பாரத்தில் ஒரு மூலைக்கு வராது. அதை நீக்கிப் பாருங்கள், வேகம் திரும்பினால் நோய் கண்டுபிடித்தாயிற்று. சாதாரணக் கதவு ஒன்றை வைத்து, அதன்மேல் செதுக்குவேலையின் புகைப்படத்தை டெக்ஸ்சராக, அதாவது மேற்பரப்பில் ஒட்டும் படமாக, ஒட்டிவிடுங்கள். தூரத்திலிருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஊஞ்சலுக்கும் சோஃபாவுக்கும் இதே வைத்தியம். இறக்குமதி செய்த சாமானில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால், இறக்குமதி செய்யும்போதே பின்முகங்களையும் காட்டச் சொல்லும் குறியைப் போட்டால் அடைபட்டுவிடும்.

கதவை நீக்கியும் திணறினாலோ, 3டி பகுதி கறுத்துப்போனாலோ, கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், இந்த சாஃப்ட்வேருக்கு ஹை பெர்ஃபார்மன்ஸைத் தேர்ந்தெடுங்கள். அறைகளுக்குத் தமிழில் பெயர் எழுதி அது பெட்டி பெட்டியாக வந்தால் எழுத்துருவை நிர்மலா யுஐ அல்லது லதாவுக்கு மாற்றுங்கள். மின்வெட்டு ஊரென்றால் தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடத்துக்குக் குறைத்து வையுங்கள்.

எல்லாம் திருத்தியபின் என்ஜினியரிடம் காட்ட அச்செடுப்பீர்கள். பேஜ் செட்டப்பில் 1:50 என்று வையுங்கள், உங்கள் கட்டடம் ஏ4 தாளிலேயே அடங்கும். பிரின்டர் சாளரத்தில் தாளுக்குள் பொருத்து என்று இருப்பதை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும். தாள் கைக்கு வந்ததும் ஸ்கூல் ஸ்கேலை எடுத்து வெளிச்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து மறு வெளிவிளிம்புவரை வைத்துப் பாருங்கள். 38 அடிப் பக்கம் 23.2 சென்டிமீட்டர், 24 அடிப் பக்கம் 14.6. இரண்டில் ஒன்று தப்பினாலும் அந்தத் தாளை என்ஜினியரிடம் கொடுக்காதீர்கள்.