கேட்கும் கருவி இருந்தும் கேட்கவில்லையா?

கேள்வி: என் மூன்றாம் வகுப்பில் காதுக் கருவி மாட்டிய மாணவி ஒருத்தி இருக்கிறாள். முதல் பெஞ்சில் உட்கார வைத்தும் டிக்டேஷனில் ‘பசி’ என்றால் ‘பசு’ என்று எழுதுகிறாள். கவனக்குறைவா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள் டீச்சர். தினமும் காலையில் ஒரு மீட்டர் தள்ளி நின்று, வாயைத் தாளால் மறைத்து, ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் ஆறையும் வரிசை மாற்றிச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ‘ஈ’யை ‘ஊ’ என்கிறாளா? இரண்டு ஒலியிலும் உள்ள தாழ்ந்த அதிர்வெண் பகுதி கிட்டத்தட்ட ஒன்று. பிரித்துக் காட்டும் உயர்ந்த அதிர்வெண் பகுதி அவளை எட்டவில்லை. செவித்திறன் வல்லுநர்தான் கருவியின் செட்டிங்கை மாற்ற வேண்டும். ஆறுமே விழவில்லையென்றால் பேட்டரி தீர்ந்திருக்கும், இல்லை காதுக்குள் பொருந்தும் அச்சில் குறும்பி அடைத்திருக்கும். ‘கீ’ என்று விசில் வந்தால் பெரும்பாலும் காது வளர்ந்து அச்சு தளர்ந்திருக்கும். புதிய அச்சு எடுக்க வேண்டும். பலர் வால்யூமைக் குறைத்துவிடுகிறார்கள், விசிலோடு பாடமும் போய்விடும்.

காதுக் கருவியின் துத்தநாக-காற்று பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துப் போடுங்கள். மறுபடி ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

போர்டைப் பார்த்தபடி பேசாதீர்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் உதடு இருட்டில் போய்விடும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வரும் நாளில் இந்த ஆறு ஒலிக்கும் அவள் சொன்னதைக் குறித்து வைத்து அவரிடம் காட்டுங்கள்.