ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது? அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம் இது: "ரன் என்றால் ஓடு என்று படித்தேன். அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பொருள் போகிறது. ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் இதுதானா? இதையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது?"

முதல் பாதிக்கு நேரடியான பதில்: ஆமாம், இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வெகுகாலம் முதலிடத்தில் இருந்தது 'செட்'. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள். அப்புறம் அகராதியை 'எம்' எழுத்திலிருந்து வரிசையாகத் திருத்திக்கொண்டு வந்தார்கள். 2000-ல் 'மேக்' முந்தியது, 2007-ல் 'புட்' முந்தியது, 2011-ல் 'ரன்' எல்லாவற்றையும் தாண்டியது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் உழைத்தார்.

மனப்பாடம் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம். மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் அந்தப் பட்டியலைப் படித்ததில்லை. ஆனால் இந்தச் சொல்லை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு ஆங்கிலமே தெரியாது.

தீக்காயத்துக்கான முதலுதவிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வெந்த இடத்தை 'கூல் ரன்னிங் வாட்டரில்' 20 நிமிடம் காட்டச் சொல்லியிருந்தது. "குளிர்ந்த ஓடும் நீரில் காட்டவும்" என்று எழுதினேன். சொல்லுக்குச் சொல் சரி. அச்சுக்குப் போகும் முன் சிலரிடம் படித்துக்காட்டினோம். ஒரு வயதான அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, ஓடுற தண்ணின்னா ஆத்துக்கா போகணும்? கை வெந்து நிக்கிறவ அவ்வளவு தூரம் எப்படிப் போவா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு விளங்கியது. ஓடும் நீர் என்றால் தமிழில் ஆறு, ஓடை, வாய்க்கால்தான். ஆங்கிலத்தில் வீட்டுக் குழாயில் விழும் தண்ணீரும் ஓடுகிறது. "குழாயைத் திறந்துவிட்டு, விழும் தண்ணீரில் வெந்த இடத்தை 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள்" என்று மாற்றினோம். ஓடு என்ற சொல்லே அதில் இல்லை. அந்த அம்மா தலையாட்டினார்.

இந்தச் சிக்கலுக்கான வழியைத் தொல்காப்பியம் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது. அதன் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற முதல் இயலில் 'பலபொருள் ஒருசொல்' பற்றிய நூற்பாக்கள் வருகின்றன. அப்படிப்பட்ட சொல்லின் பொருள் "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்" தெளிவாகும் என்கிறது அந்த இடம். அதாவது எந்த வினையோடு வருகிறது, கூட எது நிற்கிறது, எந்தச் சூழலில் சொல்லப்படுகிறது என்று பார். மா என்பது மரமும் ஆகும், விலங்கும் ஆகும். 'மா பூத்தது' என்றால் மரம். 'மா கனைத்தது' என்றால் குதிரை. 'மா வீழ்ந்தது' என்று மட்டும் சொன்னால் எது விழுந்தது என்று தெரியாது, இனத்தையோ சார்பையோ பார்த்தாக வேண்டும்.

மா பெயர்ச்சொல், அதைத் தெளிவாக்குவது வினை. ரன் விஷயத்தில் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். வினை மாறாமல் நிற்கிறது, பக்கத்தில் நிற்கும் பெயர்தான் அதைத் தெளிவாக்குகிறது.

மூக்கு ரன் ஆனால் ஒழுகுகிறது. துணியின் நிறம் ரன் ஆனால் சாயம் போகிறது. எந்திரம் ரன் ஆனால் இயங்குகிறது. பேருந்து ரன் ஆனால் அந்தத் தடத்தில் வண்டி உண்டு என்று பொருள், அந்த நிமிடம் நகர்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் ரன் ஆனால் அமலில் இருக்கிறது. ஒரு குணமோ நோயோ குடும்பத்தில் ரன் ஆனால் வழிவழியாக வருகிறது. அடுத்து, ஒருவர் எதையாவது ரன் செய்தால்? கடை என்றால் நடத்துகிறார். கணினி நிரல் என்றால் இயக்குகிறார். காய்ச்சல் என்றால் உடம்பு சுடுகிறது. பத்திரிகை ஒரு செய்தியை ரன் செய்தால் வெளியிடுகிறது. இத்தனையிலும் காலால் ஓடுகிற ஆள் ஒருவர்கூட இல்லை.

இதில் மலைக்க ஒன்றுமில்லை. நம் 'ஓடு' இதில் பாதி வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, ரத்தம் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது, வருடங்கள் ஓடிவிட்டன. பதற்றத்தில் நமக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தமிழ் கற்கும் ஒருவர் அந்தக் 'கை ஓடவில்லை'யைக் கேட்டு எப்படித் திகைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ரன்னுக்கு முன்னால் நாம் திகைப்பதும் அதே திகைப்புத்தான்.

இரண்டு சொல்லும் வளர்ந்த விதத்திலும் ஒரு ஒற்றுமை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அது. ரன்னுக்கு மூலமான பழைய ஜெர்மானியச் சொல்லில் கால் ஓடுவதும் தண்ணீர் ஓடுவதும் சேர்ந்தே இருந்தன. இன்றைய ஜெர்மன் மொழியில் அது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: 'ரென்னன்' என்றால் ஓடுவது, 'ரின்னன்' என்றால் நீர் ஒழுகுவது. நம்மிடம் ஓடு என்ற வினை இருக்கிறது, ஓடை என்ற பெயரும் இருக்கிறது. ஓடு என்றால் கூரை ஓடும் ஆகுமே என்று கேட்கலாம். அது வேறு சொல், ஒலி மட்டும் ஒத்துப்போகிறது. ரன்னின் பொருள்கள் அப்படித் தற்செயலாகக் கூடியவை அல்ல, பெரும்பாலும் எல்லாமே ஒரே குடும்பம். நிற்காமல் தொடர்ந்து போவது என்ற ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி பிடிபட்டுவிடும்.

சொல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு வங்கி உதாரணம் நல்லது. ஒரு வங்கி திவாலாகப் போகிறது என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பதை 'பேங்க் ரன்' என்கிறார்கள். முதலில் அதில் நிஜமாகவே ஓட்டம் இருந்தது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் நீண்ட வரிசை நின்றதே, அப்போதும் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். 2023 மார்ச் 9-ல் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்க முயன்றார்கள். பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே, கணினியிலும் கைபேசியிலும். அதுவும் ரன்தான். 'வங்கி ஓட்டம்' என்று எழுதினால் வங்கியே ஓடிப்போன மாதிரி இருக்கும். 'பணத்தை எடுக்க முண்டியடித்தல்' என்று நீட்டி எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

தேர்தல் இன்னொரு வேடிக்கை. அமெரிக்கர்கள் தேர்தலில் 'ரன்' செய்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அதே தேர்தலில் 'ஸ்டாண்ட்' செய்கிறார்கள். தமிழிலும் வேட்பாளர் நிற்கத்தான் செய்கிறார். ஒரே காரியம், ஒரு நாட்டில் ஓட்டம், இன்னொரு நாட்டில் நிற்பது.

உண்மையில் கவனம் தேவைப்படுவது ரன்னுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொற்களில்தான். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது. கிரிக்கெட்டின் 'ரன் அவுட்' வேறு. 'ரன் டவுன்' என்றால் பேட்டரி இறங்குவது, ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவது, வண்டியால் இடித்துத் தள்ளுவது, மூன்றும் உண்டு. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறுவது, பாத்திரம் நிரம்பி வழிவது, நிகழ்ச்சி குறித்த நேரத்தைத் தாண்டுவது, குறிப்புகளை ஒருமுறை வேகமாகப் புரட்டுவது. இவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ரன்னைத் தனியாக, ஓவரைத் தனியாகப் பிரித்துப் பொருள் தேடினால் கிடைக்காது.

எல்லாவற்றிலும் எனக்குச் சவாலானது 'ரன் இன்டு'. "ஐ ரேன் இன்டு மை டீச்சர்" என்று ஒருவர் சொல்கிறார். கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தார் என்றால் ஆசிரியரை எதிர்பாராமல் பார்த்திருக்கிறார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் என்றால் ஆசிரியர்மேல் மோதியிருக்கலாம். வாக்கியத்துக்குள் எவ்வளவு துழாவினாலும் விடை கிடைக்காது. 'மா வீழ்ந்தது' மாதிரியேதான் இதுவும். முன் வரியையும் பின் வரியையும் படிக்க வேண்டும், அதைத்தான் 'சார்பு' என்கிறார்கள். இப்படி ஒரு வாக்கியம் வந்தால் அடுத்த பத்தியைப் படித்து முடிக்கும்வரை நான் ஒரு எழுத்துகூட எழுதுவதில்லை.

நீங்களும் அகராதியை 645-லிருந்து தொடங்க வேண்டாம். படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் அடுத்து ரன் வரும்போது, ஓடுவது யார் அல்லது எது என்று மட்டும் முதலில் கேளுங்கள். பிறகு, பின்னால் குட்டிச் சொல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் பிடிபடவில்லை என்றால் அந்த வாக்கியத்தை முன்பின் வரிகளோடு கருத்துப் பகுதியில் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.