அண்ணன் கார் ஓட, தங்கைக்குக் கல்விக் கடனா?

கேள்வி: எனக்கு 29 வயது. சிங்கப்பூர் செங்காங்கில் பெற்றோருடன் இருக்கிறேன். தளவாட நிறுவனம் ஒன்றில் வேலை, சம்பளம் 5,400 வெள்ளி. பகுதிநேர முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மொத்தக் கட்டணம் 45,000, இரண்டு வருடத்தில் நான்கு தவணை, முதல் தவணை ஆகஸ்டில். சேமிப்பு 14,000 தான். அண்ணனுக்காக எடுத்த தனிநபர் கடனில் 18,000 பாக்கி, மாதம் 780 கட்டுகிறேன். இப்போது அவர் நண்பரோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடை போட இன்னும் 8,000 கேட்கிறார், அதே கடனை டாப்-அப் செய்யச் சொல்கிறார். நான் 40,000 கல்விக் கடன் எடுக்கலாமா? அப்பாவின் சிபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடலாமா? தோழி ஒருத்தி மாதம் 400 போட்டு ஒரு முதலீட்டுக் காப்புறுதி எடுத்தால் இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு ஆகும் என்கிறாள். ஒரே குழப்பமாக இருக்கிறது.

பதில்: குழப்பமே இல்லை. நீங்கள் அனுப்பிய மே மாத பேநவ் பணமாற்றப் பட்டியலைப் பார்த்தாலே போதும். அண்ணன் காருக்கு ரோட் டேக்ஸ் 340. அண்ணன் மகளுக்கு ட்யூஷன் 220. சீசன் பார்க்கிங் 110. கார் சர்வீசிங் 280. கடைசியாக ஒரு 190, அதற்குக் குறிப்பில் வெறும் "அண்ணா" என்று மட்டும் இருக்கிறது. கூட்டினால் 1,140. இதோடு அந்த 780ஐயும் சேருங்கள், 1,920. மற்ற மாதங்களிலும் ஏறக்குறைய இவ்வளவு போகிறது என்று வைத்து இரண்டு வருடத்துக்குப் பெருக்கினால் 46,080. உங்கள் படிப்புக்கு எவ்வளவு என்றீர்கள், 45,000 தானே? கையில் காசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு முதுகலைப் பட்டத்துக்கான காசை நீங்கள் மாதா மாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அது அண்ணன் வீட்டுக் கார் பார்க்கில் நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் தனிநபர் கடன் எப்படி வந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கே கார் கடனுக்கு நாணய ஆணையத்தின் வரம்பு உண்டு, காரின் மதிப்பில் 60 அல்லது 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரமாட்டார்கள், மிச்சத்தைக் கையிலிருந்துதான் போட வேண்டும். கையில் இல்லாதவர் கார் வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த வேலி அது. உங்கள் அண்ணன் அந்த வேலியைத் தாண்ட உங்கள் பெயரை ஏணியாக வைத்திருக்கிறார், அப்புறம் இரண்டு முறை டாப்-அப் வேறு. டாப்-அப் என்றால் ஏதோ போன் கார்டுக்குக் காசு போடுவது போலக் கேட்கிறது, உண்மையில் பழைய கடனை மூடிவிட்டு, புதிதாகக் கட்டணம் பிடித்துக்கொண்டு, அதைவிடப் பெரிய கடனைத் திறக்கிறார்கள். விளம்பரத்தில் 3.5 விழுக்காடு என்று போட்டிருப்பார்கள். நீங்கள் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டியை ஆரம்பத் தொகைக்கே கணக்குப் போடுவதால், நிஜ வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. 7 விழுக்காடு என்று வைத்தாலும் இந்த 18,000 தீர இன்னும் 25 மாதம் ஆகும். மூன்றாவது டாப்-அப் போட்டால் எப்போது தீரும் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை.

தராவிட்டால் லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்குப் போவேன் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போகட்டும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அங்கே மாதத்துக்கு அதிகபட்சம் 4 விழுக்காடு வரை வாங்கலாம், 8,000க்கு மாதம் 320 வட்டி என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். கடன்கள் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கிறது என்றால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூரில் போய்ப் பேசட்டும், அது இதற்காகவே இருக்கும் அமைப்பு. காரை விற்பதும் ஒரு வழிதான், கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றான சிஓஇயில் மிச்சமிருக்கும் காலத்துக்கும் மதிப்பு உண்டு. வருகிற பணத்தில் முதலில் கார் கடன், மிச்சம் உங்கள் 18,000க்கு. அண்ணிக்குக் கோபம் வரும். வரட்டும்.

இப்போது உங்கள் கணக்கு. சிபிஎஃப் 20 விழுக்காடும், இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்புக்கு 9 வெள்ளியும் போக உங்கள் கைக்கு 4,311. வீட்டுக்கு 800, கடனுக்கு 780, உங்கள் சொந்தச் செலவு 1,200 சொச்சம். ஆக 1,530 நிற்க வேண்டும், உங்கள் கணக்கில் ஏறுவதோ 400 தான். பேநவ் நின்றால் அந்த 1,530ம் உங்களுடையது. ஆகஸ்டில் சேர்ந்தால் 11,250 கட்டிவிட்டு 2,750 வெள்ளியோடு நிற்பீர்கள், அது ஆபத்து. ஜனவரிக்கு இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் உடனே கேளுங்கள். ஆறு மாதத்தில் 9,180 சேரும், கையில் 23,000க்கு மேல். அதற்குப் பின் ஒவ்வொரு தவணையிலும் வரவைவிடச் செலவு சுமார் 2,000 கூடுதலாகத்தான் இருக்கும். டிசம்பரில் வரும் 13ஆவது மாதச் சம்பளம், சிபிஎஃப் போக 4,320, அதை ஈடுகட்டிவிடும். கடைசித் தவணை கட்டிய பிறகும் கையில் ஒரு பத்தாயிரமாவது நிற்கும். 40,000 கடனுக்கு இங்கே வேலையே இல்லை. அதிலும் படிக்கும்போது வட்டி மட்டும் கட்டினால் போதும் என்கிற வகையில் மயங்காதீர்கள், இரண்டு வருடம் கட்டி முடித்த பிறகும் 40,000 அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அப்பாவின் சிபிஎஃப் இதற்கு வராது. சிபிஎஃப்பிலிருந்து படிப்புக்குக் கடன் எடுக்கும் திட்டம் மானியமுள்ள முழுநேர டிப்ளோமா, பட்டப்படிப்புகளுக்கானது, உங்களுடையது பகுதிநேரம். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுப் பயிற்சித் திட்டத்தில் 4,000 கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களே, அது 40 வயது ஆனவர்களுக்கு. படிப்புக் கட்டணத்துக்கு இருந்த வரிச் சலுகையும் 2026 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து கிடையாது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உருப்படியாகக் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உங்கள் அலுவலக மனிதவளப் பிரிவில் படிப்பு உதவித்தொகை உண்டா, உண்டென்றால் அங்கேயே வேலை செய்வேன் என்று எழுதித் தரும் பத்திரம் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும். இரண்டு, இதே பாடங்களைத் தனித்தனியாகப் படித்துச் சேர்த்துப் பட்டமாக்க முடியுமா. அப்படிப் படிக்கும்போது குடிமக்களுக்குப் பாதிக்கு மேல் மானியம் கிடைக்கும் பாடங்களும் உண்டு, 45,000 என்பதே நிறைய இறங்கலாம். சிண்டாவிலும் விசாரியுங்கள், மாதா மாதம் 9 வெள்ளி கொடுப்பவர் கேட்பதில் கூச்சம் என்ன?

தோழியின் முதலீட்டுக் காப்புறுதி பற்றி அதிகம் பேசப் பிடிக்கவில்லை. எம்ஆர்டி வாசலில் கூடாரம் போட்டு இலவசக் குடை கொடுத்து விற்கும் பொருள் எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அடுத்த வருடம் கட்டணத்துக்கு வேண்டிய பணத்தைச் சந்தையில் போடக் கூடாது. அதிலும் முதல் சில வருடங்களில் வெளியே எடுத்தால் வெட்டிவிட்டுக் கொடுக்கும் திட்டத்தில் கூடவே கூடாது. சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் வாங்குங்கள், குறைந்தது 500 வெள்ளி, விண்ணப்பத்துக்கு 2 வெள்ளி, எந்த மாதம் வேண்டுமானாலும் அபராதமில்லாமல் எடுக்கலாம். சலிப்பான பொருள்தான். பரவாயில்லை.

அம்மா "கூடப் பிறந்தவனாச்சே" என்பார். ட்யூஷன் 220ஐ வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை என்ன செய்யும், ஆனால் நேரே ட்யூஷன் ஆசிரியருக்கு அனுப்புங்கள். அப்போதும் மாதம் 1,310 நிற்கும், கணக்கு கொஞ்சம் இறுகும், உடையாது. மற்றதெல்லாம் இந்த மாதத்தோடு சரி. வங்கியிலிருந்து டாப்-அப் அழைப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்லிப் போனை வையுங்கள். ஜூலை மாத பேநவ் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.