எச்பிவி பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா? ஒரு செவிலியரின் கேள்வி பதில்

அக்கா, எனக்கு 34 வயது. எச்பிவி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. புற்றுநோய் வந்துவிட்டதா?

இல்லைம்மா, பயப்படாதீர்கள். எச்பிவி என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு வைரஸ். பெரும்பாலானவர்களுக்கு இது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிடுவதுதான் சிக்கல். தங்கினாலும் புற்றுநோயாக மாற வழக்கமாக 15, 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் முழுதாகத் தடுத்துவிடலாம். 16 அல்லது 18ஆம் வகை என்று ரிப்போர்ட்டில் இருந்தால் மட்டும் நாள் கடத்தாமல் கால்போஸ்கோபிக்குப் போங்கள், அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் பரிசோதனைக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதம் அந்த இரண்டால்தான் வருகிறது.

தங்கிய வைரஸ் உள்ளே அப்படி என்னதான் செய்கிறது?

நம் செல்லுக்குள் பி53 என்று ஒரு புரதம் காவல் இருக்கிறது. மரபணுவில் பழுது கண்டால் செல் பிரிவதை நிறுத்தும். சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாகவிடும். ஆர்பி என்ற இன்னொரு புரதம், செல் கண்டபடி பெருகாமல் பிடித்து வைக்கும். வைரஸின் ஈ6 புரதம் பி53ஐ அழிக்கிறது, ஈ7 ஆர்பியை முடக்குகிறது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள, பிரிந்துகொண்டே இருக்கும் செல் வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். காவல் போன செல்லில் பழுதுகள் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

என் தங்கைக்கு எச்ஐவி இருக்கிறது. அவளுக்கு ஆபத்து அதிகமா?

ஆமாம், சுமார் ஆறு மடங்கு. எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பால் வைரஸை விரட்ட முடிவதில்லை. 25 வயதிலிருந்தே பரிசோதனை தொடங்கட்டும். எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது.

அம்மா, "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று பரிசோதனை முகாமுக்கு வர மறுக்கிறார்.

ஒன்றும் இல்லாதபோதுதான் வர வேண்டும் என்று சொல்லுங்கள். கத்தி, தையல் எதுவும் கிடையாது. வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தில் பஞ்சை நனைத்து, கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருப்போம். மாறிய செல்கள் உள்ள இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். லேசாக எரியும், அவ்வளவுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது: இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

மகளுக்கு 11 வயது. இப்போதே தடுப்பூசி போடலாமா?

இதுதான் சரியான வயது. ஏற்கெனவே வந்த தொற்றை ஊசி விரட்டாது, அதனால் 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. அப்புறம், ஊசி எல்லா வகை எச்பிவியையும் தடுக்காது. 30 வயதானதும் அவளும் பரிசோதனைக்கு வர வேண்டும்.