பார்க் பக்கத்தில் குடிபோனால் நடப்பேனா, டாக்டர்?

கேள்வி: வயது 54, சென்னை. 8 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். பார்க் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. மகன் வண்டியில் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு, வாரத்தில் ஒரு நாள் நடந்தாலே பெரிது. பார்க் பக்கமாக வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்கிறான். பலன் இருக்குமா?

பதில்: இருக்கும்மா. நடக்காதவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் வாசலில் இறங்கினால் நடக்க இடம் இருக்கிறதா என்பதுதான் பாதியைத் தீர்மானிக்கிறது. இதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ஏஷியாட் காலனியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் சர்க்கரை நோய் ஆய்வோடு விழிப்புணர்வும் செய்துவந்தார்கள். அங்கே குடியிருப்பவர்கள் தாங்களே பணம் போட்டு ஒரு பூங்கா கட்டினார்கள். வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முதலில் 14.2 சதவீதம், பிறகு 58.7 சதவீதம் என்று 2006-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெரும்பாலோர் செய்தது வெறும் நடைதான்! விழிப்புணர்வுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அறிவுரை மட்டும் கேட்டு இத்தனை பேர் இறங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எவ்வளவு பக்கம்? உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 300 மீட்டர், அதாவது ஐந்து நிமிட நடை என்கிறது. ஆனால் மேப்பைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மதிலை ஒட்டியே வீடு இருக்கும், கேட் மறுபக்கத் தெருவில் இருக்கும், நடுவில் சிக்னல் இல்லாத மெயின் ரோடு வேறு. காலை 6 மணிக்கு ஒருமுறை, இரவு 7 மணிக்கு ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள்: விளக்கு எரிகிறதா, பெண்கள் வருகிறார்களா, முக்கியமாகக் கழிவறை திறந்திருக்கிறதா. சர்க்கரை கூடுதலாக இருந்தால் அடிக்கடி சிறுநீர் வரும்; கழிவறை பூட்டியிருந்தால் பாதியில் வீட்டுக்கு ஓடி வருவீர்கள், அப்புறம் மறுநாள் கிளம்பவே மனசு வராது. பலர் வெட்கப்பட்டு இதை டாக்டரிடம் சொல்வதில்லை.

சரி, வீடு கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். வாரம் 150 நிமிடமாவது வேகமான நடை வேண்டும், அது பார்க்கில்தான் என்றில்லை. சாப்பிட்டபின் மொட்டைமாடியில் 10, 15 நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை அவ்வளவு ஏறாது. கிளிமிபிரைடு சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடக்கூடும் என்பதால் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடக்காதீர்கள், ஒரு சின்னப் பொட்டலம் குளுக்கோஸ் இடுப்பிலோ பர்ஸிலோ இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சை அழுத்தினால் நடையை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தினமும் நடக்க ஆரம்பித்து சர்க்கரை இறங்கினால் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.