மெஷ் வைத்த பிறகு ரத்தம், வலி, உறுத்தல்: டாக்டரம்மா பதில்கள்

கர்ப்பப்பை இறக்கத்துக்கு மெஷ் வைத்துக்கொண்ட பெண்களும் அவர்கள் வீட்டாரும் இந்த முறை நிறையக் கேட்டிருக்கிறீர்கள். பெயர்களை எடுத்துவிட்டேன். நேரில் பரிசோதிக்காமல் எழுதும் பதில் இது. உங்கள் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

கோத்தகிரி, 56 வயது: டாக்டரம்மா, அடி இறங்கினதுக்கு கீழ் வழியா மெஷ் வச்சாங்க. இப்ப அப்பப்ப ரத்தம் படுது. வீட்டுக்காரர் ஏதோ குத்துதுங்கறார். வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு.

கூச்சப்படாதீங்கம்மா, அவர் சொன்னது முக்கியமான அறிகுறி. மெஷ் என்பது பாலிப்ரொப்பிலீன் இழையில் பின்னிய வலை. தூண்டில் நரம்பு மாதிரி விறைப்பாக இருக்கும். யோனிச் சுவர் மெலிந்து ஓரிடத்தில் திறந்தால் இழை முனை வெளியே நீட்டிக்கொள்ளும். டாக்டர் விரலால் தடவினாலே சுரசுரவென்று தட்டும். கீழ் வழியாக மெஷ் வைத்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு இப்படி ஆகிறது என்று 2016இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு (பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அறிக்கை) சொல்கிறது. நீங்கள் ஏதோ தப்பாக நடந்துகொண்டதால் வந்ததில்லை.

திறப்பு ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, சீழ் இல்லையென்றால், ஈஸ்ட்ரோஜன் க்ரீமைச் சில வாரம் உள்ளே தடவிப் பார்ப்பார்கள். மூடவில்லையென்றால் வெளியே தெரியும் துண்டை மட்டும் வெட்டி, சுவரைத் தைப்பார்கள். அதுவரை தாம்பத்தியம் வேண்டாம். இன்னொன்று: மாதவிடாய் நின்ற பிறகு வரும் ரத்தத்தை எல்லாம் மெஷ் தலையில் கட்டிவிடக் கூடாது. கர்ப்பப்பையோ அதன் வாயோ இன்னும் இருந்தால் புற்றுநோய் இல்லை என்பதை முதலில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.

குந்தா: எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து சரியானது. அந்த க்ரீம் போடலாமா மேடம்?

உங்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். கடையில் நேராக வாங்கவும் வேண்டாம்.

கூடலூர், மகள்: அம்மாவுக்கு வயித்து வழியா மெஷ் வச்சாங்க. தொந்தரவு ஒண்ணும் இல்ல. ஆனா மெஷ்ஷையே தடை பண்ணிட்டாங்கன்னு யூடியூப்ல வருது. எடுத்துடலாமா?

தொந்தரவு இல்லாத மெஷ்ஷை எடுக்காதீர்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. விற்பனையை நிறுத்தச் சொன்னது, இறக்கத்துக்குக் கீழ் வழியாக வைக்கும் மெஷ்ஷை மட்டும்தான். வயிற்று வழியாக வைப்பதும், சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் நாடாவும் அந்த உத்தரவில் வரவில்லை. யூடியூப்காரர்கள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

அம்மாவின் மெஷ்ஷின் ஒரு முனை முதுகுத்தண்டின் அடி எலும்பில் தைக்கப்பட்டிருக்கும். அதனால் காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், விடாத இடுப்பு வலி வந்தால் "கொழுந்து பறிச்ச அலுப்பு" என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். எலும்பு வரை கிருமி ஏறுவது அபூர்வம். ஏறினால் பெரிய சிக்கல். எம்.ஆர்.ஐ. எடுக்க மெஷ் தடையில்லை, அது உலோகம் அல்ல.

மஞ்சூர், எஸ்டேட் தொழிலாளி: ஒரு வருஷமா தொடை இடுக்குல வலி. பஸ்ல உக்காந்து வர முடியல. மெஷ் வெளிய வரலையே, எல்லாம் மனப்பிரமைங்கறாங்க.

மனப்பிரமை என்று அவர்கள் சொன்னது எனக்கு எரிச்சலூட்டுகிறது. மெஷ் வெளியே தெரியாமலும் வலிக்கும். உள்ளே தழும்பு கட்டி மெஷ் சுருங்கும்போது, அதன் கை போன்ற பட்டைகள் இறுகித் தசையையோ நரம்பையோ இழுக்கும். பரிசோதனையில் அந்தப் பட்டையை அழுத்தினால் நீங்கள் தினமும் படும் அதே வலி கிளம்புகிறதா? அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சி.டி.யில் மெஷ் சரியாகத் தெரியாது. கீழ்ப்புறம் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டில் தெரியும்.

முதலில் இடுப்புத்தளத் தசைக்கு பிசியோதெரபி. இறுகிய தசையைத் தளர்த்துவதுதான் அதில் முக்கியம். இறுக்கும் பயிற்சியை நீங்களாகச் செய்யாதீர்கள், வலி கூடும். அடுத்து வலிக்கும் இடத்தில் ஊசி. பிறகுதான் இறுகிய பட்டையை வெட்டி விடுவது, அல்லது மெஷ்ஷை எடுப்பது. முழுக்க எடுப்பது லேசான வேலை இல்லை. கண்ணிகளுக்குள் சதை வளர்ந்து ஒட்டியிருக்கும், பக்கத்திலேயே சிறுநீர்ப்பையும் நரம்பும் ரத்தக்குழாயும். எடுத்த பிறகும் சிலருக்கு வலி முழுதாகப் போகாது. இறக்கம் திரும்பவும் வரலாம். அதனால் கோவைக்கே போனாலும், "மெஷ் எடுக்கும் ஆபரேஷன் நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

ஊட்டி, கணவர்: ஆபரேஷன் காகிதம் எதுவும் கையில் இல்லை. எந்த மெஷ் என்றே தெரியவில்லை.

ஆபரேஷன் செய்த இடத்தில் உங்கள் மனைவி கையெழுத்துடன் எழுதிக் கேளுங்கள். 2002 மருத்துவ கவுன்சில் விதிப்படி உள்நோயாளி ஆவணத்தை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பும், மெஷ் பெட்டியின் ஸ்டிக்கரும் வேண்டும். கம்பெனி, மாடல், லாட் எண் அதில்தான் இருக்கும். காலக்கெடு தாண்டியிருந்தாலும் கேட்டுப் பாருங்கள், பழைய ரெக்கார்டு கிடங்கில் கிடக்கலாம்.

குன்னூர்: மெஷ்ஷை வெட்டித் தச்சு பத்து நாளாச்சு. கொழுந்து மூட்டை தூக்கலாமா?

கூடாது. ஆறு வாரமாவது மூட்டை, தண்ணிக்குடம், விறகு எதுவும் வேண்டாம். இந்தக் குளிரில் இருமல் பிடித்தால் உடனே மருந்து எடுங்கள், மலச்சிக்கலையும் விடாதீர்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள்.

அரவேணு: மெஷ் வச்சதிலிருந்து அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன். மாத்திரை போட்டா சரியாகி திரும்ப வருது. நேத்து சிறுநீர்ல ரத்தம்.

இன்னொரு கோர்ஸ் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். மெஷ் சிறுநீர்ப்பைக்குள் நுழைந்திருக்கலாம். அதன் மேல் கல்லும் படியும். சிறுநீர்ப் பரிசோதனையோடு சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) வேண்டும், உள்ளே இருந்தால் ஆபரேஷன்தான் வழி. சிறுநீரோ மலமோ யோனி வழியாக வந்தாலும், காய்ச்சலோடு குளிர் நடுக்கம் வந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவென்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.